கன்ட்ரி ஹோட்டலில் ஆஃப்டர்நூன் டீ: முதல்முறை போகிறவர்களுக்கு

இங்கிலாந்துக்கு வந்து ஓராண்டு ஆவதற்குள் யாராவது ஒருவர் உங்களிடம் "ஆஃப்டர்நூன் டீ போயிருக்கிறீர்களா?" என்று கேட்டுவிடுவார். கூட வேலை பார்ப்பவராக இருக்கலாம், பக்கத்து வீட்டுப் பாட்டியாக இருக்கலாம். ஊரிலிருந்து அப்பா அம்மா வரும்போது எங்கே கூட்டிப்போகலாம் என்று விசாரித்தாலும் இதைத்தான் சொல்வார்கள். ஊருக்கு வெளியே, மரங்களுக்கு நடுவே, பழைய மாளிகை ஒன்று இப்போது ஹோட்டலாகியிருக்கும். அங்கே போய் இரண்டு மணி நேரம் நிதானமாக உட்கார்ந்து டீ குடித்து, சான்ட்விச், ஸ்கோன் என்ற சின்ன பன், கேக் என்று சாப்பிட்டுவிட்டு வருவது. விஷயம் அவ்வளவுதான்.

ஆனால் முதல்முறை நான் ஒரு தவறு செய்தேன். அம்மா கும்பகோணத்திலிருந்து வந்திருந்தார். அவர் சைவம், முட்டையும் சாப்பிட மாட்டார். நான் இணையத்தில் இரண்டு பேருக்கு இடம் பதிந்தேன், உணவு பற்றி எழுதும் கட்டத்தை வெறுமையாக விட்டுவிட்டேன். போய்ச் சொல்லிக்கொள்ளலாம் என்று நினைத்தேன். மேசைக்கு வந்த மூன்றடுக்குத் தட்டில் அம்மா சாப்பிடக்கூடியதாக இருந்தது வெள்ளரிக்காய் சான்ட்விச் இரண்டு துண்டு மட்டும். கேக் எல்லாம் முட்டை போட்டது. ஸ்கோன் மேலே பளபளப்புக்காக முட்டை பூசியிருந்தார்கள். பரிமாறிய பெண் வருத்தப்பட்டு, சமையலறையில் கேட்டு, நறுக்கிய பழம் கொஞ்சம் கொண்டுவந்து வைத்தார். "எனக்குப் பசியே இல்லடி, நீ சாப்பிடு" என்றார் அம்மா. அம்மாக்கள் அப்படிச் சொன்னால் என்ன அர்த்தம் என்று உங்களுக்கே தெரியும்.

அடுத்த முறை அம்மா வந்தபோது நாலு நாள் முன்பே போன் செய்து எல்லாவற்றையும் சொன்னேன். அன்றைக்கு நடந்ததைப் பின்னால் சொல்கிறேன். இந்தக் கட்டுரையில் ஒன்றை மட்டும் நினைவில் வைத்துக்கொள்வதானால் அந்த போன் காலை வைத்துக்கொள்ளுங்கள். எந்தக் கரண்டி எந்தப் பக்கம் என்பதெல்லாம் போய் உட்கார்ந்தால் தானாக வந்துவிடும்.

பெயரில் ஒரு குழப்பம்

கொழும்பிலும் சென்னையிலும் பெரிய ஹோட்டல்களில் மாலைப் பலகார விருந்தை 'ஹை டீ' என்பார்கள். இங்கே அந்தப் பெயரைச் சொன்னால் வேறு அர்த்தம். ஹை டீ என்பது வேலை முடித்து வீடு திரும்பும் உழைப்பாளிக் குடும்பங்களின் மாலைச் சாப்பாடு. இறைச்சி, 'பை' என்ற மாவுப் பண்டம், ரொட்டி என்று வயிறு நிறையச் சாப்பிடுவது. வட இங்கிலாந்தில் இன்றும் இரவு உணவையே 'டீ' என்பார்கள். "டீக்கு வீட்டுக்கு வாங்க" என்று யார்க்‌ஷர்க்காரர் கூப்பிட்டால் அது சாப்பாடு, பிஸ்கட்டோடு முடியாது.

ஆஃப்டர்நூன் டீ மேல்தட்டு வீடுகளில் பிறந்தது. 1840 வாக்கில், ஏழாவது பெட்ஃபர்டு கோமகள் ஆனா மரியாவுக்கு மதியத்துக்கும் இரவுக்கும் நடுவில் பசி தாங்கவில்லை, அறைக்கே டீயும் ரொட்டியும் கொண்டுவரச் சொன்னார், பிறகு தோழிகளையும் கூப்பிட ஆரம்பித்தார் என்று சொல்வார்கள். அந்தக் காலத்தில் பிரபுக்கள் வீட்டில் இரவு உணவு எட்டு மணி வரை தள்ளிப்போயிருந்தது. பசிக்காமல் என்ன செய்யும்?

இன்னொரு பெயர் கிரீம் டீ. அதில் ஸ்கோன், ஜாம், கிளாட்டட் கிரீம் என்ற கெட்டி கிரீம், ஒரு பாட் (கூஜா) டீ மட்டும்தான் வரும். முழு ஆஃப்டர்நூன் டீயின் விலையில் பாதிகூட ஆகாது. குறைவாகச் சாப்பிடுகிறவர்களுக்கும், பிடிக்குமா பிடிக்காதா என்று முதலில் பார்க்க நினைப்பவர்களுக்கும் இதுவே நல்லது.

எங்கே, எப்போது

லண்டன் நடுவில் இருக்கும் பெரிய ஹோட்டல்களை முதல்முறைக்கு நான் சொல்ல மாட்டேன். விலையும் அதிகம், அடுத்த குழுவுக்கு மேசை வேண்டும் என்ற அவசரமும் இருக்கும். கன்ட்ரி ஹோட்டலில் தோட்டமும் நேரமும் சேர்ந்தே கிடைக்கும். காட்ஸ்வோல்ட்ஸ், லேக் டிஸ்ட்ரிக்ட், யார்க்‌ஷர், டெவன் என்று எந்தப் பக்கம் போனாலும் இப்படிப்பட்ட வீடுகள் உண்டு.

லண்டனிலிருந்து ஒரு நாளில் போய்வர வேண்டுமென்றால் பக்கிங்ஹாம்ஷரில் தேம்ஸ் நதிக்கு மேலே உள்ள கிளைவ்டன் ஹவுஸ் ஒரு நல்ல உதாரணம். 1851-இல் கட்டி முடித்த இந்த மாளிகையை வடிவமைத்தவர் சார்லஸ் பாரி. பிரிட்டிஷ் நாடாளுமன்றக் கட்டடத்தை வடிவமைத்தவரும் அவரே. பின்னாளில் இங்கே வாழ்ந்த நான்சி ஆஸ்டர்தான் 1919-இல் பிரிட்டிஷ் மக்களவையில் போய் அமர்ந்த முதல் பெண் உறுப்பினர். ஓவியர் ஜான் சிங்கர் சார்ஜென்ட் தீட்டிய அவருடைய உருவப்படம் அங்கே பெரிய கூடத்தில் தொங்குகிறது. இப்போது சொத்து, பழைய மாளிகைகளைப் பாதுகாக்கும் நேஷனல் டிரஸ்ட் அமைப்புடையது, வீடு ஹோட்டல். எலிசபெத் லைன் ரயிலில் டாப்லோ அல்லது பர்னம் வரை போய், அங்கிருந்து டாக்சி பிடிக்க வேண்டும்.

விலையைப் பொறுத்தவரை, லண்டனுக்கு வெளியே நான் போன இடங்களில் ஒருவருக்கு 25 முதல் 45 பவுண்டு ஆகியிருக்கிறது. பேர்போன மாளிகைகளில் இன்னும் கூடும். ஷாம்பெய்ன் சேர்த்த டீ என்று ஒன்றை மெனுவில் முதலிலேயே போட்டிருப்பார்கள், அதற்குத் தனியாகப் பத்துப் பதினைந்து பவுண்டு கூடும். வேண்டாம் என்றால் யாரும் ஒன்றும் நினைக்க மாட்டார்கள். சனி, ஞாயிறைவிட வார நாட்களில் கூட்டம் குறைவு, சில இடங்களில் விலையும் குறைவு. இங்கே பெரும்பாலும் மார்ச் மாதம் வரும் அன்னையர் தினத்துக்குப் பல வாரம் முன்பே எல்லா மேசையும் போய்விடும்.

மணி விஷயத்தில் ஒன்று கவனியுங்கள். டிசம்பரில் நாலு மணிக்கெல்லாம் இருட்டிவிடும், தோட்டம் பார்க்கவே முடியாது. குளிர்காலத்தில் போவதானால் முதல் நேரத்தை, அதாவது ஒன்றரை அல்லது இரண்டு மணியைக் கேளுங்கள். கணப்படுப்புக்குப் பக்கத்து மேசை கிடைக்குமா என்றும் கேளுங்கள், பெரும்பாலும் தருவார்கள். ஜூன், ஜூலையில் நாலு மணிக்குப் போனாலும் சாப்பிட்டு முடித்தபின் நடக்க வெளிச்சம் நிறைய இருக்கும்.

அந்த போன் கால்

பல ஹோட்டல்கள் குறைந்தது 24 மணி நேரம் முன்பு பதியச் சொல்லும். இணையத்தில் பதிந்தாலும் பிறகு ஒரு தடவை போன் செய்யுங்கள். ஆங்கிலம் தடுமாறினாலும் பரவாயில்லை, ஹோட்டலில் எடுப்பவர்கள் பொறுமையாகவே பேசுவார்கள்.

சொல்ல வேண்டியது என்ன? சைவம் என்று மட்டும் சொன்னால் போதாது. இங்கே வெஜிடேரியன் என்றால் முட்டை உண்டு. முட்டை சாண்ட்விச்சே சைவத் தட்டில்தான் வரும். சரி, வீகன் என்று சொல்லிவிடலாமே என்று தோன்றும். அப்படிச் சொன்னால் முட்டை போய்விடும், கூடவே வெண்ணெயும் கிளாட்டட் கிரீமும் போய்விடும். இந்த அனுபவத்தின் உயிரே அந்த கிரீம்தான். அதனால் நான் சொல்வது இப்படி: "வெஜிடேரியன், நோ எக்ஸ், டெய்ரி இஸ் ஃபைன்." இதைச் சொன்னவுடன் எதிர்முனையில் ஒரு நிமிடம் யோசிப்பார்கள். அப்போது நீங்களே வழி சொல்லுங்கள்: வீகன் தட்டைக் கொடுத்து, கிளாட்டட் கிரீமைத் தனியாக ஒரு கிண்ணத்தில் வையுங்கள் என்று. பெரும்பாலான சமையலறைகளுக்கு இது சுலபம்.

அப்புறம் ஜெலட்டின், இனிப்புகளை உறைய வைக்கச் சேர்ப்பது. கண்ணாடிக் கோப்பையில் வரும் மூஸ், பன்னா கோட்டா, மார்ஷ்மெல்லோ போன்ற இனிப்புகளில் இது இருக்கும். மாட்டிலிருந்தோ பன்றியிலிருந்தோ எடுப்பது. சைவத் தட்டில் போட மாட்டார்கள், ஆனால் அசைவம் சாப்பிட்டு மாடும் பன்றியும் மட்டும் தவிர்ப்பவர்கள் தனியாகச் சொல்ல வேண்டும். ஹலால் பார்ப்பவர்கள் கோழியைப் பற்றியும், பழக் கேக்கில் பிராந்தி ஊற்றியிருக்கிறதா என்றும் கேளுங்கள். ஒவ்வாமை இருந்தால் கூச்சப்படவே வேண்டாம். நிலக்கடலை, பால், எள், கோதுமை உட்பட 14 பொருள்கள் எதில் இருக்கின்றன என்று கேட்டால் சொல்ல வேண்டியது இங்கே சட்டப்படி அவர்கள் கடமை.

முழங்கால் வலி உள்ள பெரியவர்கள் வந்தால் அதையும் சொல்லிவையுங்கள். இந்த வீடுகளில் சோபாக்கள் தாழ்வாக இருக்கும், உட்கார்ந்தால் எழுந்திருப்பது கஷ்டம். நிமிர்ந்த நாற்காலி போட்ட மேசை கேட்டால் ஏற்பாடு செய்வார்கள். குழந்தைகளுக்குச் சின்னத் தட்டு தனியாக உண்டா என்றும் கேளுங்கள்.

கிளம்பும் நாள்

காலைச் சிற்றுண்டியை நன்றாகச் சாப்பிட்டுவிட்டு மதியச் சாப்பாட்டை விட்டுவிடுங்கள். சின்னச் சின்னத் துண்டுகள், வயிறு நிறையாது என்று நினைத்து மதியம் சாதம் சாப்பிட்டுப் போனவர்கள் ஸ்கோனிலேயே நின்றுவிடுவார்கள். அன்று இரவும் பெரும்பாலும் ஒரு டம்ளர் மோர் போதும் என்றாகிவிடும்.

உடை விஷயத்தில் ரொம்பக் கவலைப்படாதீர்கள். கிழியாத ஜீன்ஸும் இஸ்திரி போட்ட சட்டையும் பெரும்பாலான கன்ட்ரி ஹோட்டல்களுக்குப் போதும். சேலை தாராளமாகக் கட்டலாம். அம்மா சுங்குடிச் சேலைக்கு மேல் கார்டிகன் போட்டுக்கொண்டு வந்தார், பக்கத்து மேசைப் பெண்மணி எழுந்து வந்து சேலையை ரசித்துவிட்டுப் போனார். செருப்பில்தான் கவனம் வேண்டும். வாசல் பாதை பெரும்பாலும் சரளைக்கல், குதிகால் செருப்பு புதையும், மெல்லிய செருப்பில் கல் குத்தும்.

கார் இல்லாதவர்களுக்கு: பேருந்து ஞாயிற்றுக்கிழமை வராமலே போகலாம். திரும்பும் டாக்சியையும் போகும்போதே பேசிவிடுங்கள். கிராமப் பக்கம் செல்போன் சிக்னல் கிடைப்பது சிரமம். மறந்துவிட்டால் ஹோட்டல் வரவேற்பில் சொன்னால் அழைத்துத் தருவார்கள், ஆனால் காத்திருக்க வேண்டியிருக்கும்.

எந்த டீ?

உட்கார்ந்ததும் முதலில் டீ மெனு வரும். நம் வீட்டுப் பழக்கம் பாலும் தூளும் சேர்த்துக் கொதிக்க வைப்பது. இங்கே வெந்நீரில் இலை ஊறும், பால் பச்சையாக, குளிர்ந்தபடி தனியே வரும். அந்தச் சுவை பழகவே சில நாள் ஆகும். ஸ்ட்ராங்கான டீ வேண்டும் என்றால் அசாம் அல்லது இங்கிலிஷ் பிரேக்ஃபாஸ்ட் சொல்லுங்கள், பால் தாங்கும். டார்ஜிலிங் மெல்லியது, பால் ஊற்றினால் மணம் அமுங்கிவிடும். எர்ல் கிரேயில் பெர்கமாட் என்ற எலுமிச்சை இனப் பழத்தின் தோல் எண்ணெய் சேர்ப்பார்கள், நார்த்தங்காய்த் தோலைக் கிள்ளினால் வரும் வாசனைக்கு அது கிட்ட வரும். லாப்சாங் சூஷாங் பைன் மரப் புகையில் உலர்த்தியது. விறகடுப்பில் வைத்த வெந்நீர் வாசனை அடிக்கும். எனக்குப் பிடிக்கும், வீட்டில் வேறு யாருக்கும் பிடிக்கவில்லை.

மெனுவில் சிலோன், நுவரெலியா, நீலகிரி என்ற பெயர்கள் இருந்தால் ஒரு பாட்டாவது அதில் சொல்லுங்கள். இலங்கையில் 1867-இல் ஜேம்ஸ் டெய்லர் லூல்கந்துராவில் தேயிலை பயிரிட்டதைச் சொல்லும் மெனு அட்டைகளைப் பார்த்திருக்கிறேன். அந்த மலைகளைக் கொத்தித் திருத்தி, கொழுந்து பறித்தவர்கள் திருச்சி, மதுரை, புதுக்கோட்டை, ராமநாதபுரம் பக்கமிருந்து போன நம் சனங்கள். அது எந்த அட்டையிலும் இருந்து நான் பார்த்ததில்லை. பிள்ளைகளோடு போனால் கோப்பையைக் கையில் வைத்துக்கொண்டு இதைச் சொல்லிக் கொடுங்கள்.

பாட் வந்ததும் உடனே ஊற்ற வேண்டாம், மூன்று நாலு நிமிடம் விடுங்கள். கோப்பை மேல் சின்ன வடிகட்டியை வைத்து ஊற்ற வேண்டும். கூடவே வரும் வெந்நீர் ஜாடி கை கழுவ வைத்ததில்லை, டீ கடுத்துப்போனால் விளாவிக்கொள்ள. எலுமிச்சைத் துண்டு போட்டால் பால் ஊற்றாதீர்கள், திரிந்துவிடும். சுண்டு விரலை நீட்டிக் கோப்பையைப் பிடிக்க வேண்டும் என்று யாராவது சொல்லியிருந்தால் மறந்துவிடுங்கள். பெரும்பாலான இடங்களில் பாட் தீர்ந்தால் திரும்ப நிரப்பித் தருவார்கள், இரண்டாவது தடவை வேறு டீயும் கேட்கலாம். கேட்டுப் பாருங்கள்.

மூன்றடுக்குத் தட்டு

கீழிருந்து மேலே போவது வழக்கம். அடித்தட்டில் ஓரம் வெட்டிய சான்ட்விச்சுகள், நடுவில் ஸ்கோன், மேலே கேக். சில இடங்களில் ஸ்கோன் சூடாக இருக்க வேண்டும் என்பதற்காகத் துணியில் மூடிப் பிறகு கொண்டுவருவார்கள். சான்ட்விச்சைக் கையால் எடுத்துச் சாப்பிடலாம், முள்கரண்டி தேவையில்லை.

வெள்ளரிக்காய், முட்டையும் கிரெஸ் கீரையும், புகையூட்டிய சால்மன், ஹாம் என்பவை எங்கும் இருக்கும். கோரனேஷன் சிக்கன் என்று ஒன்று வரும். 1953-இல் எலிசபெத் ராணியின் முடிசூட்டு விழா விருந்துக்காக உருவானது, மயோனெய்ஸில் கறிப் பொடி கலந்த கோழி. கறி என்றதும் நம் மசாலாவை எதிர்பார்க்காதீர்கள், இனிப்பாகத்தான் இருக்கும். சான்ட்விச் தீர்ந்தால் இன்னும் கொஞ்சம் கேட்கலாமா என்று விசாரிப்பதில் தவறில்லை, பல இடங்களில் தருவார்கள்.

ஸ்கோன்

இதற்காகத்தான் நான் திரும்பத் திரும்பப் போகிறேன். 'ஸ்கான்' என்றும் 'ஸ்கோன்' என்றும் இரண்டு உச்சரிப்பு உண்டு, இரண்டும் சரி. வெந்தபோது நடுவில் ஒரு வெடிப்பு விழுந்திருக்கும், அந்த இடத்தில் இரண்டு கையாலும் திருகினால் தானே பிளந்துவிடும். ஜாமையும் கிரீமையும் முதலில் உங்கள் தட்டில் எடுத்து வைத்துக்கொண்டு, பிறகு கத்தியால் தடவுங்கள். இரண்டு பாதியையும் திரும்ப மூடி பர்கர் மாதிரி கடிக்க வேண்டாம், ஒவ்வொரு பாதியும் தனித்தனி.

ஜாம் முதலா, கிரீம் முதலா? டெவனில் கிரீம் முதலில், அதன் மேல் ஜாம். பக்கத்துக் கார்ன்வாலில் ஜாம் முதலில், மேலே கிரீம். இரண்டு ஊரும் இதில் விட்டுக்கொடுக்காது. அந்தப் பக்கம் போனால் அந்த ஊர் வழக்கப்படி செய்யுங்கள், உள்ளூர்க்காரர்கள் சந்தோஷப்படுவார்கள். ஸ்கோன் சூடாக இருந்தால் கிரீம் உருகி வழியும் என்பதால் நான் கார்ன்வால் கட்சி.

கிளாட்டட் கிரீமைப் பாலாடைக்காரர்களான நமக்குப் புதிதாக அறிமுகம் செய்ய வேண்டியதில்லை. கொழுத்த பாலேட்டை மெல்லிய சூட்டில் நெடுநேரம் வைத்து, ஆறவிட்டால் மேலே கட்டி மஞ்சளாக ஏடு படியும். கார்னிஷ் கிளாட்டட் கிரீம் என்ற பெயரில் விற்க வேண்டுமானால் அதில் குறைந்தது 55 சதவீதம் கொழுப்பு இருக்க வேண்டும். இரண்டாம் முறை போனபோது அம்மாவுக்கென்று முட்டையில்லாத ஸ்கோன் இரண்டு, தனித் தட்டில், பெயர் எழுதிய சின்ன அட்டையோடு வந்தது. அம்மா கத்தி நுனியில் கிரீமைத் தொட்டு நாக்கில் வைத்துப் பார்த்தார். கொஞ்சம் யோசித்தார். "ஏண்டி, இது நம்ம பாலாடைதானே? எங்கம்மா கல்சட்டியில காய்ச்சி, சர்க்கரை தூவித் தருவா." அதற்குப் பிறகு ஜாமைத் தொடவே இல்லை, கிண்ணம் காலியானது. பரிமாறிய இளைஞர் கேட்காமலே இன்னொரு கிண்ணம் கொண்டுவந்து வைத்தார்.

கேக் அடுக்கைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. எல்லாவற்றையும் முடிக்க வேண்டும் என்ற கட்டாயம் கிடையாது. ஒன்றைப் பாதியாக வெட்டி எதிரில் இருப்பவரோடு பகிர்ந்துகொள்ளலாம். நடுவில் எழுந்து தோட்டத்தில் ஒரு நடை போய்விட்டு வருகிறோம் என்று சொன்னாலும் மேசையை வைத்திருப்பார்கள். வாசலில் வரிசையாக ரப்பர் பூட்ஸ் நின்றால் விருந்தினருக்கானவையா என்று கேளுங்கள், சில ஹோட்டல்களில் இரவல் தருவார்கள்.

பில்லும் மிச்சமும்

பில்லைப் பாருங்கள். சர்வீஸ் சார்ஜ் என்று 10 அல்லது 12.5 சதவீதம் சேர்த்திருந்தால் தனியாக டிப்ஸ் வைக்க வேண்டியதில்லை. சேர்க்கவில்லையென்றால் பத்து சதவீதம் வைப்பது நியாயம். பதியும்போது முன்பணம் கட்டியிருந்தால் அது கழிந்திருக்கிறதா என்றும் சரிபார்த்துக்கொள்ளுங்கள்.

மிச்சத்தை விட்டுவிட்டு வராதீர்கள். பெட்டி கிடைக்குமா என்று கேட்டால் அட்டைப் பெட்டியில் கேக்கையும் ஸ்கோனையும் வைத்து, சில இடங்களில் ரிப்பன் கட்டியே தருவார்கள். சான்ட்விச்சை மட்டும் தர மறுக்கலாம், நேரமானால் கெட்டுவிடும் என்பதால். கிரீமை வீட்டுக்கு வந்ததும் ஃபிரிட்ஜில் வையுங்கள். மறுநாள் காலை ஸ்கோனைப் பிளந்து, வெட்டிய பக்கம் கீழே இருக்கும்படி தோசைக்கல்லில் சின்னத் தீயில் இரண்டு நிமிடம் வைத்தால் ஓரம் மொறுமொறுவென்று ஆகும். மைக்ரோவேவ் வேண்டாம், ரப்பர் மாதிரி ஆகிவிடும்.